அப்பாவின் எழுத்து சின்னதாகிறது

முத்தியால்பேட்டை,
9.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு, கவிநிலா எழுதுவது.

நீங்கள் போன மாதம் போட்ட இன்லேண்ட் கடிதத்தில் முதல் வரி எப்போதும்போல் இருக்கிறது. கீழே போகப்போக எழுத்து சின்னதாகி, கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ‘நேரத்துக்குச் சாப்பிடு’ என்று எழுதியிருந்ததை ‘கூப்பிடு’ என்று படித்துவிட்டு, யாரைக் கூப்பிடச் சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காகிதத்தில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. ஏன் இப்படி நெருக்கி எழுதுகிறீர்கள்?

நானும் அம்மாவும் நலம். உங்கள் காது இரைச்சல் எப்படி இருக்கிறது?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பதினெட்டு முடிந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். காலாப்பட்டு போகும் வழியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரம், குழாய், பாட்டில் எல்லாம் கழுவிக் காயவைப்பது என் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில்போல யாரும் எழுந்து நின்று சத்தமாகப் படி என்று சொல்வதில்லை.

மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு வந்த அம்மாவிடம் சொன்னேன். “வாயத் தொறக்காத வேலையா பாத்துப் புடிச்சிட்டா உம் பொண்ணுன்னு எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.

போனில் பேசலாமே என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நான் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை. நீங்கள் கத்துவது எங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது. நமக்குக் கடிதமே சரி.

உங்கள் மகள்,
கவிநிலா


சோமனூர்,
21.6.2024

மகள் கவிநிலாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கு நான் சுகம். உங்கள் இருவர் சுகமும் அதுபோல இருக்க வேண்டும். வேலை கிடைத்தது பற்றிச் சந்தோஷம். ஆனால் மூளை ஆராய்ச்சி என்கிறாயே, மூளை கெட்டவர்களை அங்கே வைத்திருக்கிறார்களா? கதவுப் பக்கமாக நின்று வேலை செய். தெருவில் கேட்டால் மருந்துக் கம்பெனி என்று சொல். மூளை, கீளை என்றெல்லாம் சொல்லாதே. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பேச்சாகும்.

எழுத்து சின்னதாக இருப்பது பேனாக் கோளாறு. அரிகிருஷ்ணனின் பேனா அது. என் அறையில் இருக்கிறானே கடலூர்க்காரன், அவன்தான். அவனும் அப்படித்தான், ஒழுகுவான், பாதியில் நிற்பான்.

முன்பு எட்டு விசைத்தறி பார்த்தேன். இப்போது நான்குதான் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி நல்ல மனிதர், ஐம்பத்திரண்டு ஆயிற்றே, கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று குறைத்தார். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அப்பா காத்தவராயன்


முத்தியால்பேட்டை,
3.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு, கவிநிலா.

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே மூளை கெட்டவர் ஒருவரும் இல்லை. எலியின் மூளையிலிருந்து எடுத்த செல்களைத்தான் வைத்திருக்கிறார்கள். தட்டையான பாட்டிலில், ரோஸ் கலர் திரவத்தில் வளர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. பார்த்தால் வெறும் ரோஸ்மில்க் தண்ணீர்.

போன வாரம் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். பக்கத்து அறையில் பழைய திரவத்தைக் கொட்டிவிட்டு செல்களை வைத்துக்கொள்வார்கள். அதுதான் வழக்கம் என்று நினைத்து, பூர்ணிமா அக்காவின் பாட்டில் திரவத்தையும் கொட்டப் போனேன். பூர்ணிமா அக்கா இங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். ஓடிவந்து பாட்டில் வாயில் கையை வைத்தார்.

“அத கொட்டிட்டா நான் நாலு வருசம் படிச்சத கொட்டின மாதிரி. எனக்கு செல்லு வாணாம், அந்தத் தண்ணிதான் வேணும்.”

அப்புறம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னார். மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல மின்சாரம் மாதிரி ஒரு வழி இருக்கிறதாம். அதோடு, சின்னச் சின்னப் பைகளில் எதையெதையோ கட்டி வெளியேயும் விடுமாம். மற்ற செல் அதை வாங்கிப் பிரித்து, அதில் இருப்பதற்குத் தகுந்தாற்போல நடந்துகொள்ளும்.

“முன்னெல்லாம் இத குப்பைன்னு நெனச்சாங்க. செல்லு வூட்டப் பெருக்கிக் கொட்டுதுன்னு வுட்டுட்டாங்க.”

அந்தப் பை எத்தனை பெரிது என்று கேட்டேன். நான் கேள்வி கேட்டதே அவருக்கு ஆச்சரியம்.

“உன் தலைமுடி ஒண்ண குறுக்க வெச்சா, அந்த அகலத்துக்குள்ள ஆயிரம் பை வரிசையா நிக்கும்.”

அந்தத் திரவத்தை மிஷினில் மணிக்கணக்காகச் சுழற்றுவார்கள். பைகள் எல்லாம் குழாயின் அடியில் ஒரு பக்கமாகப் போய் ஒட்டும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. அதனால் சுழற்றுவதற்கு முன்பே எங்கே ஒட்டும் என்று கணக்குப் போட்டுக் குழாயின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறார். அந்தப் புள்ளியை நம்பித்தான் வேலை. தலைக்குள் இருக்கும் செல்லைத் திறந்து பார்க்க முடியாதாம். அது வெளியே விட்ட பையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போகிறதா என்று ஒருநாள் சொல்லிவிடலாம் என்கிறார்.

உங்களுக்குப் புதுப் பேனா இரண்டு பார்சலில் வருகிறது. அம்மா கருவாடும் வைத்திருக்கிறாள்.

கவிநிலா


சோமனூர்,
30.7.2024

மகள் கவிநிலாவுக்கு ஆசீர்வாதம். சுகம். சுகம் அறிய ஆவல்.

பதில் போட நாளாகிவிட்டது. ஆர்டர் அதிகம். நீ எழுதியதை அரிக்குப் படித்துக் காட்டினேன். “அண்ணே, உன் தலைக்குள்ள பையி இருக்கோ இல்லியோ, களிமண்ணு கீது” என்கிறான்.

கருவாடு வந்தது. அம்மா ஏமாந்துவிட்டாள். அதில் வாசனையே இல்லை. அடுத்த முறை பார்த்து வாங்கச் சொல். சட்டை அனுப்ப வேண்டாம். பித்தான் போட நேரம் ஆகிறது, பனியனே வசதி. புதுப் பேனா நன்றாக எழுதுகிறது.

அப்பா


முத்தியால்பேட்டை,
7.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு, கவிநிலா. இங்கே இருவரும் நலம்.

கருவாட்டுக்கு வாசனை இல்லை என்று படித்துக் காட்டினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “பார்சல் ஆபீஸ்ல இருந்தவன் மூக்கப் புடிச்சிக்கினு நவந்தான். அதுக்கு வாசன இல்லியாமா? இன்னா மூக்கு அது, வாடகைக்கு வுட்டுட்டாரா?”

நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதி வரிசையில் தரையில் பரப்பினேன். மூன்று வருடத்துக் கடிதம். போன தீபாவளிக்கு அப்புறம்தான் எழுத்து சுருங்க ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம். புதுப் பேனாவால் எழுதியதுதான் இருப்பதிலேயே சின்னது.

நான்கு கடிதங்களை எடுத்துப்போய்ப் பூர்ணிமா அக்காவிடம் காட்டினேன். உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டாம், எழுத்தை மட்டும் பாருங்கள் என்றேன். நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“அப்பாவுக்கு வாசன தெரியுதா, கவி?”

நான் கருவாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவராகத்தான் கேட்டார்.

“நான் டாக்டர் இல்ல. நான் சொல்லக் கூடாது. எழுத்து சுருங்கறதும் வாசன போறதும் ஒண்ணா வந்தா நரம்பு டாக்டர் ஒருத்தர் பாக்கணும்.”

அப்பா, சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்குகிறதா? நடக்கும்போது இரண்டு கையும் வீசி நடக்கிறீர்களா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கவிநிலா


சோமனூர்,
12.8.2024

அன்புள்ள மகள் கவினிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நான் மிக்க நலம். கை நடுங்கவில்லை. இரண்டு கையும் நன்றாக வீசி நடக்கிறேன். போதுமான வாசனை தெரிகிறது. எழுத்தைப் பார், எவ்வளவு பெரியதாக இருக்கிறது. பேனா பழகிவிட்டது. ஆகையால் கவினிலா எதற்கும் கவலைப்பட வேண்டாம். டாக்டர் எல்லாம் வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு
அப்பா காத்தவராயன்


முத்தியால்பேட்டை,
22.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு, கவிநிலா.

நாங்கள் நலம். உங்கள் கடிதம் இத்தனை சீக்கிரம் இதுவரை வந்ததில்லை. எழுத்து குண்டுகுண்டாக, அழகாக இருந்தது. அம்மாகூடத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, “பரவால்லியே” என்றாள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் என் பெயரில் ரெண்டு சுழி ‘ன’ போட்டுவிட்டார். அதற்காக நீங்கள், அப்போது இங்கே வேலை பார்த்த மில்லில் ஷிஃப்டுக்குப் போகாமல் நின்று சண்டை போட்டீர்களாம். “நெலாவுக்கு வர்ற ‘ந’வப் போடு சார், எம் பொண்ணு பேருல நெலா இல்லன்னா வேற பேரே வெச்சிருப்பேன்” என்று சொன்னதை அம்மா இன்னும் நடித்துக் காட்டுவாள்.

இந்தக் கடிதத்தில் இரண்டு இடத்திலும் ‘ன’ இருக்கிறது.

யார் எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்ததையும் அவரே எழுதட்டும். என் பெயரை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.

கவிநிலா


சோமனூர்,
17.9.2024

கவிநிலா பாப்பாவுக்கு அரிகிருஷ்ணன் சித்தப்பா எழுதுவது. நீயும் அண்ணியும் சௌக்கியமா. ‘ன’ போட்டது நான்தான். மன்னிக்கவும். எட்டாவதோடு நின்றவன்.

மூன்று வாரமாகப் பதில் வராமல் நீ பயந்திருப்பாய். உன் கடிதம் வந்த அன்றே அண்ணன் எழுத உட்கார்ந்தார். உன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தார். மூன்று இன்லேண்டைக் கிழித்துப் போட்டார். அப்புறம் என் கணக்கு நோட்டில் எழுதினார். அந்தத் தாளைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. இன்லேண்டில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்று போஸ்ட் ஆபீசில் சொன்னதால் கவர் வாங்கிப் போடுகிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தறியில் இழை அறுந்தால் தறி நின்றுவிடும். நுனி இரண்டையும் பிடித்து முடிச்சுப் போட்டால்தான் ஓடும். அண்ணன் முடிச்சுப் போடுகிற வேகத்துக்கு இந்தக் கொட்டகையில் ஆள் இல்லை. இப்போது நுனியைப் பிடிக்கவே வரவில்லை. நான்கு தறி என்றது பொய். தறியே இல்லை. வைகாசி மாதத்திலிருந்து பஞ்சு கூட்டி அள்ளுகிறார். இடது கை தானாக ஆடுகிறது. பனியனுக்குள் விட்டுப் பிடித்துக்கொள்கிறார்.

டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம் வருகிறது. “மூளன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு எம் பொண்ண பைத்தியக்காரன் பொண்ணுன்னுவான். கை போனா போவட்டும், அந்தப் பேரு வாணாம்” என்கிறார். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே.

அரிகிருஷ்ணன்


முத்தியால்பேட்டை,
25.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு, கவிநிலா.

அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி நலம். உங்கள் சுகத்தைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவீர்கள்.

நேற்று பூர்ணிமா அக்கா மிஷின் நிற்கும்வரை காத்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். கை வேலைக்கு ஆணை கொடுக்கும் செல்கள் மூளையில் ஓரிடத்தில் இருக்கின்றனவாம். சிலருக்கு அவை மெதுவாகக் கெட்டுப்போகும். கெட்டுப்போகும் செல்லும் பை கட்டி வெளியே விடத்தான் செய்யும். தன்னிடம் உள்ள கெட்ட பொருளையும் அதில் வைத்துவிடலாமாம். பக்கத்துச் செல்லுக்கு அது தெரியாது. நல்லது என்று வாங்கிப் பிரித்துக்கொள்ளும். இந்த நோய் இப்படியும் பரவுகிறதா என்றுதான் இவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன். அப்பாவின் ரத்தத்தை எடுத்து உங்கள் மிஷினில் சுற்றிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று.

“முடியாது, கவி. எங்க வேல அங்க வர்றதுக்கு வருசக்கணக்காவும். பொய் சொல்லக் கூடாது. ஆனா டாக்டரு கையப் பாத்து, நடையப் பாத்தே சொல்லிடுவாரு. மாத்திரை இருக்கு. நோய எடுக்காது, கைய கொஞ்சம் லேசாக்கும்.”

இது பைத்தியமா என்றும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மூளன்னா நெனப்பு மட்டுமா? நீ பாட்டில் கழுவறதும் மூளதான். கண்ணு சிமிட்டறதும் மூளதான்.”

ஆயுத பூசை அன்று தறி எல்லாம் நிற்கும். நீங்கள் வாருங்கள். வராவிட்டால் நான் வருவேன். பெரிய பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கவிநிலா


சோமனூர்,
2.10.2024

கவிநிலா,

வராதே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தறியில் முடிச்சுப் போட வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை. மூளை என்று ஒரு தடவை சீட்டில் எழுதினால் அழிக்க முடியாது. எனக்கு உன் பெயர்...

அப்பா


புதுச்சேரி,
14.10.2024, திங்கள்

அன்புள்ள அரிகிருஷ்ணன் சித்தப்பாவுக்கு, கவிநிலா எழுதுவது.

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமா? அப்பாவும் நானும் சனிக்கிழமை விடியும்போது ஊர் வந்து சேர்ந்தோம். இப்போது ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் அறை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருக்கிறார்கள். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். ஒரு மணி நேரமாக என்னோடு பேசவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

பூசை அன்று நான் தனியாகப் பஸ் ஏறி அங்கே வந்தேனே, தறிக்கொட்டகையில் அப்பாவின் காதில் நான் என்ன சொன்னேன் என்று பஸ் ஏற்றிவிடும்போது கேட்டீர்கள். அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா உங்கள் எல்லார் முன்பாகவும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, தறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாரே, அப்போதுதான் போனேன். “மூளன்னு சொல்ல மாட்டேம்பா. சீட்டுல கைன்னு மட்டும் சொல்றேன். வா” என்றேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் என்றேன். அதனால்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அம்மா அவரைப் பார்த்துவிட்டு முதலில் திட்டினாள். “கருவாட்டுக்கு வாசன இல்லன்னியே, மவராசா.” சாப்பிடும்போது அவர் கை ஆடுவதைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு, சோற்றை உருட்டி அவர் தட்டில் வைத்தாள். அவரும் சாப்பிட்டார்.

இன்று காலையில் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றோம். எங்கள் தெருப் பாக்கியலட்சுமி அத்தை, கால் வீக்கத்துக்கு வந்தவர், எங்களுக்கு நேர் பின்னால் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தலை நிமிராமல், “யாருக்கு, இன்னா தொந்தரவு?” என்று கேட்டார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் “கை” என்றேன்.

“கையா? சத்தமா சொல்லும்மா. விழுந்துட்டாரா? எலும்பு டாக்டரு. பதினாலாம் நம்பர் ரூமு.”

சீட்டில் கை என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்ததும் அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. பதினாலாம் அறை வாசலில் மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எத்தனையோ நாளுக்கு அப்புறம் சிரித்துப் பேசினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாக்கியலட்சுமி அத்தையிடம், “தறி ஓட்டன கையில்ல, சுளுக்கிக்கிச்சு” என்றார். அத்தையும் எண்ணெய் போட்டு நீவச் சொன்னார். அப்பா தலையாட்டினார். இடது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். துண்டு ஆடிக்கொண்டே இருந்தது.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்ப்பார், எலும்பு நன்றாகத்தான் இருக்கும், வீட்டுக்குப் போங்கள் என்பார். அப்பா உங்களிடம் வந்து, டாக்டரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்பார். மறுபடி பஞ்சு கூட்டுவார்.

நான் அவர் மடியிலிருந்து சீட்டை எடுத்தேன். எங்கே என்றார். வரிசையில் மறுபடி நிற்க நேரமில்லை. எல்லாரையும் தாண்டி முன்னால் போனேன். “ஏம்மா, வரிசையில வா” என்று யாரோ இழுத்தார்கள். பாக்கியலட்சுமி அத்தை எழுந்து பார்த்தார். அப்பா பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடியின் ஓட்டை வழியாகச் சீட்டை உள்ளே தள்ளினேன். “தப்பா சொல்லிட்டேன். எங்கப்பாவுக்கு மூளையில தொந்தரவு. நரம்பு டாக்டருக்கு எழுதிக் குடுங்க” என்றேன்.

அந்த அம்மாள், “இன்னாது?” என்றார்.

நான் இன்னொரு முறை சொன்னேன். அப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

இப்படிக்கு,
கவிநிலா